லேப்டாப் கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்யலாமா? லாபம், ஆபத்து, செய்முறை

கேமிங் லேப்டாப் வாங்கி ஒன்றிரண்டு ஆண்டு ஆனதும், கிராபிக்ஸ் சிப்பை நிர்ணயித்த வேகத்தைவிட வேகமாக ஓட்டலாமா, அதாவது ஓவர்கிளாக் செய்யலாமா என்ற கேள்வி வந்துவிடும். புதிதாக வந்த கேம் 45 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 45 ஃபிரேம்) திணறுகிறது. வீடியோவில் ஒருவர் இரண்டு ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளி "இலவச பெர்ஃபார்மன்ஸ்" என்கிறார். விவரம் தெரிந்த நண்பரைக் கேட்டால் "சிப்பு எரிஞ்சிடும், தொடாதே" என்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பில் செய்வதுபோல லேப்டாப்பில் ஸ்லைடரைத் தள்ளினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, பெரிதாக ஒன்றும் எரியவும் எரியாது. அந்த ஸ்லைடர்கள் இருக்கும் அதே மென்பொருளை வைத்து மின்னழுத்தத்தைக் குறைத்து அதே வேகத்தை வாங்குவது, அதாவது அண்டர்வோல்ட் செய்வது, பெரும்பாலானோருக்கு நிச்சயம் பலன் தரும். வீடியோ பயாஸை (சிப்பின் வரம்புகளைத் தாங்கிய உள் மென்பொருளை) மாற்றி எழுதுவது, போர்டில் சோல்டர் வைத்து வாட்டேஜைக் கூட்டுவது போன்ற வேலைகள் லேப்டாப்புக்கு வேண்டவே வேண்டாம்.

உதாரணத்துக்கு என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை எடுத்துக்கொள்கிறேன். ஆர்டிஎக்ஸ் 3050, 3060, 4050 வைத்திருப்பவர்களுக்கும் எண்கள்தான் மாறும், வழிமுறை மாறாது.

தடை வேகத்தில் இல்லை, வாட்டில் இருக்கிறது

4060 என்ற ஒரே பெயரில் பல திறனுள்ள லேப்டாப்கள் விற்கின்றன. இந்தச் சிப்புக்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவையும் தயாரிப்பு நிறுவனம் நிர்ணயிக்கலாம் என்பது என்விடியாவின் கணக்கு. அதற்கு மேல், சிபியு சும்மா இருக்கும் நேரத்தில் அதன் பங்கைக் கிராபிக்ஸுக்குத் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் என்ற வசதியும் உண்டு. அதையும் சேர்த்து 140 வாட் வரை போகும் மாடல்கள் இருக்கின்றன. மெல்லிய லேப்டாப்பில் 60, 70 வாட்டோடு நிற்கும் 4060-க்கும் தடித்த லேப்டாப்பில் 140 வாட் குடிக்கும் 4060-க்கும் உள்ள இடைவெளியை எந்த ஓவர்கிளாக்கும் அடைக்காது.

உங்களுடையது எது என்று பார்ப்பது எளிது. என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குப் போங்கள். மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரியில் வாட் இருக்கும். இதைப் பார்க்காமல் வேறொருவரின் எண்ணை உங்கள் லேப்டாப்பில் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

வாட் ஏன் இவ்வளவு முக்கியம்? சிப் வேலை செய்யும்போது செலவாகும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கத்தின் விகிதத்தில் கூடும். வேகத்தை 5 சதவீதம் ஏற்ற மின்னழுத்தத்தையும் 5 சதவீதம் ஏற்ற வேண்டியிருந்தால் செலவு ஏறக்குறைய 16 சதவீதம் எகிறும். வாட் வரம்பு ஏற்கெனவே முட்டிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் அந்த 16 சதவீதத்துக்கு எங்கே போவது? சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் வேகத்தில் +200 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பீர்கள், அந்த 200 முழுதாகக் கிடைத்திருக்காது.

இதைத் திருப்பிப் பாருங்கள். 0.95 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்த வேகம் 0.875 வோல்ட்டிலும் நிலையாக ஓடினால் சிப்பின் செலவு சுமார் 15 சதவீதம் குறைகிறது. மிச்சமான வாட்டை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். இன்னும் கொஞ்சம் வேகத்துக்குச் செலவிடலாம், அல்லது சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் குறைத்துக்கொள்ளலாம்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. என்விடியா சிப்புக்குள் "இவ்வளவு மின்னழுத்தத்துக்கு இவ்வளவு வேகம்" என்று ஓர் அட்டவணை உண்டு. 2016-இல் ஜிடிஎக்ஸ் 10 வரிசையோடு வந்த ஜிபியு பூஸ்ட் 3.0 முதல் அந்த அட்டவணையின் ஒவ்வொரு புள்ளியையும் நாமே நகர்த்த முடிகிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கோர் கிளாக் (சிப்பின் வேகம்) +100 என்று போட்டால் எல்லாப் புள்ளிகளும் 100 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். அதாவது பழைய மின்னழுத்தத்திலேயே கூடுதல் வேகம். வேறு மாதிரி சொன்னால், பழைய வேகத்துக்குக் குறைந்த மின்னழுத்தம். ஆக, ஓவர்கிளாக்கும் அண்டர்வோல்ட்டும் லேப்டாப்பில் ஒரே வேலைதான், எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதுதான் வித்தியாசம். சிப் தயாரித்தவர்கள் பாதுகாப்புக்காக விட்டுவைத்த இடைவெளியைத்தான் நாம் தின்கிறோம். அந்த இடைவெளி சிப்புக்குச் சிப்பு மாறும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு லேப்டாப்பில்கூட ஒன்றாக இருக்காது.

உண்மையான ஆபத்து எது?

"எரிஞ்சிடும்" என்ற பயத்தை முதலில் பார்த்துவிடலாம். லேப்டாப்பில் ஆஃப்டர்பர்னரைத் திறந்தால் கோர் வோல்டேஜ், பவர் லிமிட் ஸ்லைடர்கள் பெரும்பாலும் மங்கிப்போய் அசையாமல் இருக்கும். ஃபேன் ஸ்லைடரும் பல மாடல்களில் அப்படித்தான், ஏனென்றால் ஃபேனை லேப்டாப்பின் சொந்தக் கட்டுப்பாட்டுச் சிப் பார்த்துக்கொள்கிறது. உச்ச மின்னழுத்தமும் உச்ச வாட்டும் பூட்டப்பட்டிருக்கும்போது வேக ஸ்லைடரால் மட்டும் சிப்பை எரிப்பது மிகக் கடினம். சூடு ஏறினாலும் பெரும்பாலான லேப்டாப்களில் 87 டிகிரிக்கு அருகே சிப் தானே வேகத்தைக் குறைக்கும். அதையும் தாண்டிப் போனால் லேப்டாப் அணைந்துவிடும்.

அப்படியானால் எது பாதிக்கும்?

அடிக்கடி நடப்பது கிராஷ். கேம் மூடிக்கொள்ளும், திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும், சில நேரம் நீலத்திரை. சேமிக்காத வேலை போகும். வீடியோ எடிட்டிங்கோ பிளெண்டர் ரெண்டரோ அதே லேப்டாப்பில் செய்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. இரவெல்லாம் ஓடிய ரெண்டரில் ஒரு ஃபிரேம் கெட்டுப்போயிருந்தால் கண்ணில் படவும் செய்யாது.

அடுத்தது கண்காணிக்க முடியாத பாகங்களின் சூடு. சிப்பின் வெப்பநிலை திரையில் தெரிகிறது. பக்கத்திலுள்ள வீடியோ மெமரியும் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்றும் எவ்வளவு சூடாகின்றன என்பதற்குப் பல லேப்டாப்களில் சென்சார் அளவே கிடைக்காது. அவற்றின் மேல் இருப்பது ஒரு தெர்மல் பேட் மட்டும்தான். அதுவும் காலப்போக்கில் காய்ந்து இறுகும்.

மூன்றாவது சார்ஜரும் பேட்டரியும். சிபியுவும் கிராபிக்ஸும் சேர்ந்து சார்ஜரின் திறனைத் தாண்டும்போது மீதியைப் பேட்டரி கொடுக்கும். ஒரு மணி நேரம் விளையாடுங்கள். சார்ஜர் மாட்டியிருந்தும் சதவீதம் இறங்கியிருந்தால் உங்கள் லேப்டாப் ஏற்கெனவே விளிம்பில்தான் இருக்கிறது. அதற்கு மேல் சுமை ஏற்றினால் பேட்டரியின் ஆயுளைத்தான் செலவழிக்கிறீர்கள்.

கடைசியாக, நீண்டகாலத் தேய்மானம். சூடாகிக் குளிர்ந்து, மறுபடி சூடாகிக் குளிரும்போது சிப்புக்கும் அதன் அடித்தளத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய சோல்டர் புள்ளிகள் விரிந்து சுருங்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2008-ஐப் பார்த்தால் போதும். அந்த ஆண்டு ஜூலையில், தன்னுடைய பழைய லேப்டாப் சிப்கள் அசாதாரண அளவில் பழுதாவதாக அறிவித்த என்விடியா, பழுதுபார்ப்புச் செலவுக்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்கியது. சிப்பையும் அடித்தளத்தையும் இணைத்த பொருள் வெப்ப ஏற்ற இறக்கத்தைத் தாங்கவில்லை. அதில் ஓவர்கிளாக்குக்குப் பங்கே இல்லை, சாதாரண உபயோகத்திலேயே போனவை அவை. இன்றைய பொருள்கள் மேலானவை. ஆனாலும் தினமும் 85 டிகிரிக்கு ஏறி இறங்கும் லேப்டாப்பையும் 72-ஐத் தாண்டாத லேப்டாப்பையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

டெஸ்க்டாப்பில் கார்டு போனால் கழற்றிவிட்டு வேறு போடலாம். லேப்டாப்பில் சிப் மதர்போர்டோடு ஒட்டியது. வாரண்டியில் இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்றச் சொல்வார்கள், அந்தத் தொகையைக் கேட்டதும் புது லேப்டாப் பார்க்கலாமா என்று தோன்றும். சிப் லெவல் சர்வீஸ் கடைகளில் சிப்பின் அடியில் புது சோல்டர் உருண்டைகள் வைத்து ஒட்டும் ரீபால்லிங் செய்து தருவார்கள், அது எத்தனை மாதம் தாங்கும் என்பது தெய்வச் செயல்.

வாரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பல நிறுவனங்களின் நிபந்தனைகளில் ஓவர்கிளாக்கால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று இருக்கும். அதே நேரம் ஆசுஸின் ஆர்மரி கிரேட், லெனோவோவின் வான்டேஜ் போன்ற நிறுவன மென்பொருள்களிலேயே சில கேமிங் மாடல்களுக்குக் கிராபிக்ஸ் ஓவர்கிளாக் வசதியைத் தருகிறார்கள். உங்கள் மாடலில் அப்படி இருந்தால் அந்த வழியாகப் போவதே புத்திசாலித்தனம்.

என்விடியாவுக்கும் இதில் ஒரு தடுமாற்றம் இருந்தது. 2015 தொடக்கத்தில் ஜிடிஎக்ஸ் 900எம் வரிசை லேப்டாப்களில் ஓவர்கிளாக்கை டிரைவர் மூலமாகவே முடக்கினார்கள். லேப்டாப்கள் அதற்காக வடிவமைக்கப்படவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததும் சில வாரங்களிலேயே முடிவை மாற்றி மீண்டும் திறந்துவிட்டார்கள். சொன்ன காரணம் முழுக்கப் பொய்யுமில்லை.

ஸ்லைடரைத் தொடும் முன்

ஓவர்கிளாக்கில் கிடைக்கும் ஐந்து சதவீதத்தைவிடப் பெரிய லாபம் வேறு இடங்களில் கிடக்கலாம். எனக்குத் தெரிந்தவரை பாதிப் பேருக்கு இந்தப் பகுதியோடு வேலை முடிந்துவிடும்.

ரேம் ஒற்றைக் குச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ஒன்று மட்டும் என்றால், இன்னொன்று வாங்கிப் போட்டு டூயல் சேனல் ஆக்குவது பல கேம்களில் எந்த ஓவர்கிளாக்கையும்விட அதிகம் தரும்.

அடுத்து மக்ஸ் ஸ்விட்ச். பல லேப்டாப்களில் என்விடியா சிப் வரைந்த படம் இன்டெல் அல்லது ஏஎம்டியின் உள்ளமைந்த கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். நிறுவன மென்பொருளிலோ பயாஸிலோ தனி கிராபிக்ஸை நேரடியாகத் திரையோடு இணைக்கும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆனால் சார்ஜரில் விளையாடும்போது அது கவலையில்லை.

அப்புறம் விஆர்ஏஎம். கேம் உங்கள் 4 ஜிபி, 6 ஜிபி, 8 ஜிபி வீடியோ மெமரியை நிரப்பித் திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் ஓவர்கிளாக்கால் ஒரு பயனும் இல்லை. டெக்ஸ்சர் அளவை ஒரு படி குறையுங்கள்.

கிராபிக்ஸ் சிப்பின் பயன்பாடு 95 சதவீதத்துக்குக் கீழே நிற்கிறது என்றாலும் அப்படித்தான். குறைந்த செட்டிங்கில் 200 எஃப்பிஎஸ்ஸுக்கு ஓடும் ஷூட்டர் கேம்களில் தடுப்பது சிபியு. அங்கே கிராபிக்ஸை முடுக்குவது வீண் வேலை.

சூட்டைப் பற்றி நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு விமர்சகர்கள் சோதிக்கும் அறை 22, 24 டிகிரியில் இருக்கும். ஏசி இல்லாத சென்னை அறையில் மே மாத மாலையில் 34 இருக்கலாம். அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். அவர் லேப்டாப் 76-ல் நின்றிருந்தால் உங்களுடையது 86-ஐத் தொடும், அதாவது வரம்பின் வாசலிலேயே. அவருடைய எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வைப்பதே நல்ல மாற்றம் தரும். மெத்தை மேல் வைத்து விளையாடுபவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஃபேன் தூசியைத் தட்டுங்கள். இரண்டு மூன்று ஆண்டு ஆன லேப்டாப் என்றால் தெர்மல் பேஸ்ட் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஹனிவெல்லின் பிடிஎம்7950 போன்ற, சூட்டில் இளகி இடைவெளியை நிரப்பும் தாள்கள் லேப்டாப்புக்கு நன்றாகப் பொருந்துகின்றன. சாதாரண பேஸ்ட்போல ஓரத்துக்கு ஒதுங்கிப் போவதில்லை. ஆனால் சில மாடல்களில் நிறுவனமே லிக்விட் மெட்டல் போட்டிருக்கும். அது மின்சாரம் கடத்தும், ஒரு துளி தவறி விழுந்தாலும் போர்டு காலி. உங்கள் மாடலில் இருக்கிறதா என்று தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, சிபியுவின் சூடும் இதில் சேர்ந்தது. பெரும்பாலான லேப்டாப்களில் சிபியுவும் கிராபிக்ஸும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்கின்றன. ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்காரர்கள் தண்ணீர் பிடிப்பது போலத்தான், ஒருவர் குறைத்தால் இன்னொருவருக்குக் கூடும். முன்பு இன்டெல் சிபியுவையும் அண்டர்வோல்ட் செய்ய முடிந்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் பல லேப்டாப்களில் அது பூட்டப்பட்டுவிட்டது. பூட்டியிருந்தால், விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் புராசஸர் ஸ்டேட்டை 99 என்று வைத்து டர்போவை நிறுத்திப் பார்க்கலாம். சிபியு அதிகம் கேட்காத கேம்களில் இது மட்டுமே சூட்டை நன்றாக இறக்கும். சிபியுவை நம்பும் கேம்களில் எஃப்பிஎஸ் விழும், அங்கே வேண்டாம்.

படி 1: கருவிகளும் தொடக்க அளவும்

மாற்றங்கள் செய்ய எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், அளவுகளைப் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ, ஜிபியு-இசட் ஆகிய மூன்றும் போதும். மூன்றும் இலவசம். உங்கள் லேப்டாப் எம்எஸ்ஐ ஆக இருக்க வேண்டியதில்லை. ஆஃப்டர்பர்னரை எம்எஸ்ஐயின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதே தோற்றத்தில் போலித் தளம் வைத்து வைரஸ் பரப்புகிறார்கள் என்று 2021-இல் எம்எஸ்ஐயே எச்சரித்தது.

சோதனைக்கு யூனிஜின் சூப்பர்பொசிஷன் அல்லது 3டிமார்க்கின் டைம் ஸ்பை. லேப்டாப்பை சார்ஜரில் மாட்டி, பெர்ஃபார்மன்ஸ் மோடில் வைத்து, ஒரு கால் மணி நேரம் கேம் ஓடி சூடானபின் சோதனையை ஓட்டுங்கள். குளிர்ந்த லேப்டாப்பில் எடுத்த முதல் மதிப்பெண் ஏமாற்றும். மதிப்பெண், உச்ச வெப்பநிலை, சராசரி வேகம், வாட், அறை வெப்பநிலை ஐந்தையும் எழுதி வையுங்கள். பேட்டரியில் ஓடும்போது வாட் வரம்பே இறங்கிவிடும் என்பதால் அங்கே சோதிப்பதில் பொருளில்லை.

படி 2: எது தடுக்கிறது என்று படிப்பது

நான் பார்த்த பல வழிகாட்டிகள் இந்தப் படியை விட்டுவிடுகின்றன. ஜிபியு-இசட்டின் சென்சார்ஸ் பக்கத்தில் பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரி இருக்கும். கேம் ஓடும்போது அதில் எது வருகிறது என்று பாருங்கள்.

"பவர்" என்று வந்தால் வாட் வரம்பில் நிற்கிறீர்கள். அண்டர்வோல்ட்தான் மருந்து, அதில் நேரடியாக எஃப்பிஎஸ் கூடும். "தெர்மல்" என்று வந்தால் சூடு தடுக்கிறது. முதலில் காற்றோட்டம், பேஸ்ட், அப்புறம் அண்டர்வோல்ட். வேகத்தைக் கூட்டும் நினைப்பே வேண்டாம். "விரெல்" என்று வந்தால் மின்னழுத்த உச்சத்தில் இருக்கிறீர்கள், வாட் இன்னும் மிச்சமிருக்கிறது. அதிக வாட் கொடுத்த 4060 மாடல்களில் இது சகஜம். ஒதுக்கிய 140 வாட் முழுதாகச் செலவாகும் முன்பே மின்னழுத்தம் முட்டிவிடும். ஸ்லைடரைத் தள்ளினால் தள்ளியது அப்படியே வேகமாகக் கிடைக்கும் ஒரே சூழல் இதுதான்.

படி 3: கோர்

"விரெல்" காரர்கள் நேராக கோர் கிளாக்கில் +45, அப்புறம் +60, +75 என்று ஏற்றிப் போகலாம். இந்தச் சிப்கள் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில்தான் நகரும் என்பதால் +50-க்கும் +55-க்கும் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடம் சோதனை. +100-லிருந்து +150-க்குள் பலருக்கும் எல்லை வந்துவிடும். கிராஷ் ஆன இடத்திலிருந்து 30 அல்லது 45 இறங்கி நில்லுங்கள்.

மற்றவர்கள் முன்பு சொன்ன மின்னழுத்த-வேக அட்டவணையின் வளைகோட்டைப் பிடிக்க வேண்டும். செய்முறை இது: முதலில் சாதாரண நிலையில் கேம் ஓடும்போது சிப் எந்த வேகத்தில், எந்த மின்னழுத்தத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2,300 மெகாஹெர்ட்ஸ், 950 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆஃப்டர்பர்னரில் கோர் கிளாக்கை −250 அளவுக்கு இறக்கி அப்ளை செய்யுங்கள். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஃப் தட்டினால் வளைகோடு திறக்கும், அது முழுதாகக் கீழே இறங்கியிருக்கும். அதன் வலது நுனி 2,300-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னும் இறக்குங்கள். இப்போது 900 மில்லிவோல்ட்டுக்கு நேரான ஒரு புள்ளியை மட்டும் பிடித்து 2,300-க்கு மேலே இழுத்து, மீண்டும் அப்ளை. அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் உள்ள கோடு தட்டையாகிவிடும். இனி சிப் 900 மில்லிவோல்ட்டைத் தாண்டாது, வேகமும் குறையாது.

நிலையாக ஓடுகிறதா? அடுத்த முறை 875-இல் அதே 2,300. எங்கே கிராஷ் ஆகிறதோ அதிலிருந்து 25 மில்லிவோல்ட் ஏறி நின்றுவிடுங்கள். வெப்பநிலை இறங்கி, "பவர்" என்ற எச்சரிக்கை மறைந்திருந்தால், வேகத்தை 2,300-லிருந்து 2,345, 2,390 என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்கலாம். பேராசை வேண்டாம். கடைசி 30 மெகாஹெர்ட்ஸ் யாருடைய கண்ணுக்கும் தெரியாது, கிராஷ் மட்டும் தெரியும்.

படி 4: மெமரி

4060 லேப்டாப்பில் மெமரி பலருக்குக் கோரைவிட அதிகம் கொடுக்கிறது. டெஸ்க்டாப் 4060-இன் மெமரி ஒவ்வொரு பிட் பாதையிலும் நொடிக்கு 17 ஜிகாபிட் வேகத்தில் ஓடுகிறது, லேப்டாப்பில் 16. 128 பிட் அகலத்தில் கணக்குப் போட்டால் நொடிக்கு 272 ஜிகாபைட், 256 ஜிகாபைட். ஆஃப்டர்பர்னர் இந்த வேகத்தைப் பாதியாக, 8,000 என்று காட்டும். ஆக +500 போட்டால் நீங்கள் எட்டுவது டெஸ்க்டாப் மாடலின் சாதாரண வேகத்தைத்தான். 6 சதவீதத்துக்குச் சற்று அதிகமான தரவு வேகம், அதுவும் யாரும் அதீதம் என்று சொல்ல முடியாத அளவில். அங்கேயே நிற்பது என் கட்சி.

மேலே போக விரும்புவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகை மெமரியில் பிழை கண்டால் தரவைத் திரும்ப அனுப்பும் ஏற்பாடு உண்டு. அதனால் எல்லையைத் தாண்டியதும் கிராஷ் ஆகாமல், திரையில் புள்ளிகளும் வராமல், சத்தமில்லாமல் மதிப்பெண் மட்டும் இறங்கும். எனவே ஒவ்வொரு 100-க்கும் சோதனை மதிப்பெண்ணை எழுதுங்கள். ஏறுவது நின்ற இடத்திலிருந்து 200 பின்வாங்குங்கள். மெமரியும் அதே வாட் கணக்கில்தான் சேரும். குறைந்த வாட் லேப்டாப்பில் மெமரியை ஏற்றினால் கோர் வேகம் சற்று இறங்குவதைப் பார்க்கலாம்.

படி 5: நிலைத்தன்மை

சிப்பின் மேல் முழுச் சுமை ஏற்றும் ஃபர்மார்க் என்ற சோதனையை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு "பாஸ்" என்று சொல்லாதீர்கள். அது வாட்டை அடைத்துக்கொள்வதால் சிப் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். நீங்கள் மாற்றிய உயர் வேகப் புள்ளிகள் சோதிக்கப்படவே மாட்டா. 3டிமார்க்கின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் 20 சுற்று ஓடி, ஃபிரேம் வேகம் 97 சதவீதம் சீராக இருந்தால் தேர்ச்சி தரும். கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கும். அதைவிட நல்ல சோதனை நீங்கள் விளையாடும் கேம்தான், குறிப்பாக ரே டிரேசிங்கும் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) டிஎல்எஸ்எஸ்ஸும் (குறைந்த தெளிவில் வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்குவது) போட்ட கேம். மற்ற எல்லாவற்றிலும் பாறைபோல் நின்ற செட்டிங் ரே டிரேசிங்கில் பத்தாவது நிமிடம் விழும். கேமை ஆல்ட்-டேப் செய்து வெளியே வந்து உள்ளே போவது, லோடிங் திரையைத் தாண்டுவது போன்ற, சுமை சட்டென மாறும் தருணங்களில்தான் நிறைய விழும்.

கிராஷ் ஆனால் பதற வேண்டாம். சிப் இரண்டு நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுதொடக்கம் செய்யும். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு பதிவாகியிருக்கும். லேப்டாப்பை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தால் எல்லா மாற்றமும் போய் பழைய நிலைக்குத் திரும்பும். நீங்கள் ஆரம்பத்திலேயே தானியங்கிப் பொத்தானை அழுத்தி வைக்காத வரை.

ஆஃப்டர்பர்னரில் விண்டோஸ் சின்னத்தோடு இருக்கும் அந்தப் பொத்தான், லேப்டாப் ஆன் ஆகும்போதே செட்டிங்கை ஏற்றிவிடும். ஒரு வாரமாவது கையால் ஏற்றி விளையாடிப் பார்த்துவிட்டு அப்புறம் அதை அழுத்துங்கள். அவசரப்பட்டு அழுத்தி லேப்டாப் டெஸ்க்டாப்புக்கே வராமல் கிராஷ் ஆனால், சேஃப் மோடில் நுழைந்து ஆஃப்டர்பர்னரை நீக்குங்கள். அங்கே என்விடியா டிரைவர் ஏறாது, செட்டிங்கும் ஏறாது.

வீடியோ பயாஸ், ஷன்ட் மாட்

"என் 85 வாட் லேப்டாப்பில் 115 வாட் பயாஸ் போட்டேன்" என்று காட்டுபவர்கள் உண்டு. இன்றைய என்விடியா சிப்கள் கையொப்பமிட்ட பயாஸை மட்டுமே ஏற்பதால், இன்னொரு மாடலுக்கான பயாஸைத்தான் திணிக்கிறார்கள். அதில் திரை இணைப்புகள், ஃபேன், வெப்ப வரம்பு எல்லாமே வேறொரு லேப்டாப்புக்கு எழுதப்பட்டவை. தப்பினால் திரை இருட்டு. மீட்க வெளிப்புற புரோகிராமர் கருவியைச் சிப்பில் மாட்டி எழுத வேண்டும். வெற்றி பெற்றாலும், 85 வாட்டுக்குக் கணக்குப் போட்டு வைத்த வெப்பக் குழாயும் மின்சுற்றும் சார்ஜரும் அப்படியேதானே இருக்கின்றன? மின்னோட்டத்தை அளக்கும் மின்தடையின் மேல் இன்னொன்றை ஒட்டி ஏமாற்றும் ஷன்ட் மாட்டுக்கும் இதே பதில். வாரண்டியும் அன்றோடு சரி.

யாருக்கு எவ்வளவு?

எல்லாம் சரியாகச் செய்தால் 4 முதல் 8 சதவீதம் என்று எதிர்பாருங்கள். 45 எஃப்பிஎஸ் 48 ஆகும். 58-ல் தடுமாறிய கேம் 60-ஐப் பிடிக்கும், அது மட்டும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். 30-ஐ 60 ஆக்கும் வித்தை இதில் இல்லை. அதற்கு டிஎல்எஸ்எஸ்ஸும் இரண்டு மூன்று செட்டிங் குறைப்பும்தான்.

வாட் வரம்பில் சிக்கிய மெல்லிய லேப்டாப்காரருக்கு அண்டர்வோல்ட் கட்டாயம் செய்யத்தக்கது. 130, 140 வாட் லேப்டாப் வைத்து, சூடும் 80-க்குக் கீழே இருப்பவர் கோர் +100, மெமரி +500 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஏற்கெனவே 87-ஐத் தொட்டுக்கொண்டிருப்பவர் ஓவர்கிளாக்கை மறந்துவிட்டுத் தூசி தட்ட வேண்டும். லேப்டாப்தான் பிழைப்பு என்பவர்கள், ஆட்டோகேட், எடிட்டிங், ரெண்டர் எதுவானாலும், மெமரி பக்கம் போகாமல், கோரில் கிடைத்த எல்லையிலிருந்து 50 மில்லிவோல்ட் தாராளமாக விட்டு அண்டர்வோல்ட் மட்டும் செய்யலாம். பழைய ஜிடிஎக்ஸ் 1650 போன்றவற்றை வைத்திருந்து வாரண்டியும் முடிந்தவர்களுக்கு இழக்க அதிகம் இல்லை, ஆனால் முதல் செலவு பேஸ்டுக்கு.

இன்னொரு நடைமுறை. ஆஃப்டர்பர்னரில் இரண்டு ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. டிசம்பரில் கண்டுபிடித்த எல்லை கத்திரியில் தாங்காது. பெரிய டிரைவர் அப்டேட் வந்தாலும் பழைய ப்ரொஃபைலை நம்பி உடனே ஏற்றாமல், தானியங்கிப் பொத்தானை அணைத்துவிட்டு ஐந்தாவது படியை மறுபடி ஒரு மாலை ஓட்டிப் பாருங்கள். கேம் கிராஷ் ஆகிறது என்று யாரிடமாவது உதவி கேட்கும் முன்பும் முதலில் ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டு ஒரு முறை விளையாடிப் பாருங்கள்.